கொழிஞ்சாம்பாறைத் தேங்காய்ப் பால் கம்பெனிக்கு வென்ச்சர் பணம் சரிப்படுமா?

கேள்வி இதுதான். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தேங்காய்ப் பாலும் உலர் தேங்காய்த் துருவலும் தயாரிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆண்டு விற்பனை 6 கோடியைத் தொட்டிருக்கிறது. பெங்களூரு ஃபண்ட் ஒன்று 20 சதவீதப் பங்குக்கு 4 கோடி தருவதாகச் சொல்கிறது. "வென்ச்சர் கேப்பிடல் காலமே முடிஞ்சுபோச்சுன்னு சிலர் சொல்றாங்க. அந்தப் பணம் இல்லாம வளரவே முடியாதுன்னு சிலர் சொல்றாங்க. எதை நம்பறது? வாங்கலாமா? கம்பெனியைக் கோயமுத்தூருக்கு மாத்தணும்னு வேற ஒருத்தர் சொல்றார், அது அவசியமா?"

தம்பி, என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வென்ச்சர் கேப்பிடல், அதாவது வேகமாக வளரும் என்று நம்பும் கம்பெனியில் பங்கு வாங்கிக்கொண்டு ஃபண்டுகள் போடும் பணம், அதன் காலம் முடிந்துவிடவில்லை. ஆனால் 2021-ல் அது செய்த வேலை வேறு, இன்று செய்கிற வேலை வேறு. உங்கள் கம்பெனி இன்று இருக்கும் நிலையில் அந்த 4 கோடி உங்களுக்குப் பொருந்தாத பணம். பாலக்காட்டில் ஆடிட்டராக இருந்துகொண்டு, கஞ்சிக்கோட்டிலிருந்து வேலந்தாவளம் வரை கம்பெனிக் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். ஃபண்ட்காரர்கள் கணக்கைத் துருவும்போது மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் கம்பெனி நல்ல கம்பெனியா என்பது இதில் இரண்டாவது கேள்வி. அந்தப் பணம் யாருடையது, அவர்களுக்கு அது எப்போது திரும்பிப் போக வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி.

உங்களிடம் பேசும் பெங்களூரு ஆள் தன் சொந்தப் பணத்தைத் தரவில்லை. பணக்காரக் குடும்பங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிகள், வெளிநாட்டு பென்ஷன் நிதிகள், சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி போன்ற அரசு அமைப்புகள் ஆகியோரிடம் திரட்டிய பணம் அது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2012-ல் கொண்டுவந்த, வென்ச்சர் ஃபண்டுகளும் அடங்கும் மாற்று முதலீட்டு நிதி விதிகளின்படி பொதுவாக ஒரு முதலீட்டாளர் குறைந்தது 1 கோடி போட வேண்டும். வென்ச்சர் ஃபண்டின் மொத்தத் தொகை குறைந்தது 20 கோடி இருக்க வேண்டும். முடியும் காலமும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும், பெரும்பாலும் 8 அல்லது 10 ஆண்டு. மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதலீட்டாளர்கள் சம்மதித்தால் இன்னும் 2 ஆண்டு நீட்டலாம். நம் ஊரில் எல்லாரும் சேரும் கே.எஸ்.எஃப்.இ. சிட்டிக்கு (கேரள அரசு நிறுவனம் நடத்தும் சீட்டு) முடியும் தேதி இருப்பது போலத்தான். அந்தத் தேதிக்குள் எல்லாருக்கும் பணம் கைக்கு வந்தாக வேண்டும்.

இப்போது அவர்கள் பக்கத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 100 கோடி ஃபண்ட் என்று வையுங்கள். நிர்வாகக் கட்டணம் ஆண்டுக்கு 2 சதவீதம் என்றால் 10 ஆண்டில் 20 கோடி அதிலேயே போய்விடும். மிச்சம் 80 கோடியை 20 கம்பெனிகளில் தலா 4 கோடியாகப் போடுகிறார்கள். 10 ஆண்டு பணத்தை முடக்கியவர்கள் மூன்று மடங்காவது எதிர்பார்ப்பார்கள், அதாவது 300 கோடி. லாபத்தில் 20 சதவீதம் ஃபண்ட் நடத்துபவர்களுக்குப் போகும் என்பதால், திரும்பி வர வேண்டிய தொகை உண்மையில் 350 கோடி. அடுத்தடுத்த சுற்றுகளில் புதுப் பங்குகள் வெளியிடும்போது அவர்களுடைய 20 சதவீதம் கரைந்து 15 ஆகிவிடும். அப்படியானால் அந்த 20 கம்பெனிகளும் விற்கிற நேரத்தில் சேர்ந்து சுமார் 2,300 கோடி மதிப்பில் இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் இருபதில் பாதிக்கு மேல் போட்ட பணத்தைக்கூடத் திருப்பித் தராது. ஏழெட்டு சுமாராகத் தரும். மீதி ஒன்றிரண்டுதான் ஃபண்டையே தூக்கி நிறுத்த வேண்டும். எது அந்த ஒன்று என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு கம்பெனியிலும் பணம் போடும்போதே 'இது 1,000 கோடிக் கம்பெனி ஆகுமா?' என்று கேட்டுத்தான் போட முடியும். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கணக்கு அவர்களை அங்கேதான் தள்ளுகிறது.

உங்கள் கம்பெனியை இந்தக் கணக்குக்குள் வைத்துப் பாருங்கள். 20 சதவீதத்துக்கு 4 கோடி என்றால் மொத்த மதிப்பு 20 கோடி. 7 ஆண்டில் அது பத்து மடங்காக வேண்டுமானால் ஆண்டுக்கு 39 சதவீதம் வீதம், ஒரு வருஷம்கூடத் தவறாமல் வளர வேண்டும். சாஃப்ட்வேரில் இது கஷ்டம், ஆனால் நடக்கிறது. தேங்காயில்? 2025-ல் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியதை நாம் எல்லாரும் பார்த்தோம். பொள்ளாச்சிப் பக்கத் தோப்புகளில் வேர் வாடல் நோயும் வெள்ளை ஈயும் காய்ப்பைக் குறைத்துவிட்டன. காய் விலை அப்படி ஏறும் வருஷத்தில் உங்கள் விற்பனைத் தொகை பெரிதாகத் தெரியும், லாபம் மெலிந்துபோகும். அப்போது நிதானமான முதலாளி உற்பத்தியைக் குறைத்து, கையிருப்பைக் காப்பாற்றிக்கொண்டு, விலை இறங்கும் வரை பொறுத்திருப்பார். வென்ச்சர் பணம் வாங்கியவருக்குப் பொறுத்திருக்கும் வசதி கிடையாது. போர்டு மீட்டிங்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வளர்ச்சி எங்கே என்று கேட்பார்கள். நஷ்டத்துக்கு விற்றாவது சரக்கை நகர்த்தும் நிலைமை வந்துவிடும். நன்றாக நடந்துகொண்டிருந்த தொழில்கள் தவறான பணத்தால் நொடித்துப்போவது எனக்கு உண்மையிலேயே வேதனை தரும் விஷயம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தப் பத்தாண்டுக் கெடு ஆதியிலிருந்தே இருந்ததும் அல்ல. நவீன வென்ச்சர் கேப்பிடலின் தொடக்கம் என்று பலரும் சொல்வது 1946-ல் பாஸ்டனில் ஜார்ஜ் டோரியோ முதலானவர்கள் தொடங்கிய அமெரிக்கன் ரிசர்ச் அண்ட் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன். அது பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி, கலைக்கும் தேதி எதுவும் இல்லை. 1957-ல் டிஜிட்டல் எக்யுப்மென்ட் என்ற சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில் 70,000 டாலர் போட்டார்கள். பத்து வருஷம் சொச்சத்தில் அது 35 கோடி டாலருக்கு மேல் போனது. அந்த ஒரு கம்பெனிதான் மற்ற முதலீடுகளையெல்லாம் தாங்கியது. அவர்களால் அதுவரை காத்திருக்கவும் முடிந்தது. பிறகு கூட்டாண்மை முறையில் கெடு வைத்த ஃபண்டுகள் வந்தன. 1979-ல் அமெரிக்க அரசு விதியைத் தளர்த்தியதும் பென்ஷன் நிதிகளின் பணம் இதற்குள் கொட்டத் தொடங்கியது. பணம் பெருகப் பெருகக் கெடுவும் கட்டணமும் நிலைத்துவிட்டன.

நம் நாட்டில் இதை ஆரம்பித்துவைத்தது அரசுதான். 1988-ல் மத்திய அரசு வழிமுறைகளை வெளியிட்டது; அதே ஆண்டில் ஐசிஐசிஐயும் யூடிஐயும் சேர்ந்து பெங்களூரில் டிடிஐசிஐ என்ற வென்ச்சர் நிறுவனத்தைத் தொடங்கின. செபி விதிகள் 1996-ல் வந்தன. 2000-க்குப் பிறகு வெளிநாட்டுப் பணம் முன்னுக்கு வந்தது. 2018-ல் வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதத்தை வாங்கியதும், இந்தியாவில் போட்ட பணம் திரும்பி வரும் என்ற நம்பிக்கை பிறந்தது.

2021-க்கு வருவோம். பெய்ன் என்ற ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கைப்படி அந்த ஆண்டு இந்தியாவுக்கு வந்த வென்ச்சர் முதலீடு சுமார் 3,850 கோடி டாலர். 2023-ல் அது சுமார் 960 கோடி டாலராகச் சுருங்கியது, நாலில் ஒரு பங்கு. 2024-ல் சுமார் 1,370 கோடி டாலருக்கு ஏறியது. இரண்டே வருஷத்தில் நம் கம்பெனிகளின் தரம் நாலில் ஒன்றாகிவிட்டதா? இல்லை. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச் வரை வட்டியைக் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் வைத்திருந்தது. 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.50 சதவீதம் வரை கொண்டுபோனது. அரசாங்கப் பத்திரத்திலேயே 5 சதவீதம் கிடைக்கும்போது, பத்து வருஷம் முடங்கும் ஃபண்டில் எதற்குப் போட வேண்டும் என்று பணக்காரர்கள் யோசித்தார்கள். கொழிஞ்சாம்பாறையில் உங்களுக்கு ஃபண்ட் கிடைப்பதும் கிடைக்காததும் வாஷிங்டன் வட்டி விகிதத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. இந்தப் பணத்தின் இயல்பைப் புரிந்துகொள்ள இது ஒன்றே போதும்.

மலிவாகப் பணம் கிடைத்த அந்த நாட்களில் வென்ச்சர் கேப்பிடல் பெரும்பாலும் வாடிக்கையாளரை விலைக்கு வாங்கும் வேலையைத்தான் செய்தது. தள்ளுபடி, இலவச டெலிவரி, கிரிக்கெட் ஜெர்சியில் விளம்பரம். கண்ணூர் மாவட்டத்து ஆசிரியர் ஒருவர் தொடங்கிய பைஜூஸ் 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்பைத் தொட்டது. 2024-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. முதலீட்டாளரான புரோசஸ் தன் பங்கின் மதிப்பைப் பூஜ்யம் என்று எழுதியது. இடையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேலை இழந்தார்கள். பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு நல்ல தொழில், தாங்க முடியாத வேகத்துக்கு ஓட்டப்பட்டது என்பதே என் கணிப்பு.

'இது நிலைக்குமா?' என்று கேட்கிறவர்கள் காகித மதிப்பைப் பார்க்காமல், முதலீட்டாளர் கைக்குக் காசாக எவ்வளவு திரும்பியது என்று பார்க்க வேண்டும். அந்த இடத்தில்தான் இந்தத் துறைக்கே இன்று நெருக்கடி. கணக்கில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று காட்டிய ஃபண்டுகள் பலவும் கெடு முடியும் நேரத்தில் விற்க ஆள் இல்லாமல் நின்றன. 2024-ல் செபியே, விற்க முடியாத முதலீடுகளோடு காலம் முடிந்துவிட்ட ஃபண்டுகளுக்குக் மிச்சத்தை விற்று முடிக்கக் கூடுதல் அவகாசம் தரும் 'கலைப்புக் காலம்' என்று ஒரு வழி திறந்துவிட வேண்டி வந்தது. அமெரிக்காவில் செக்கோயா என்ற பெரிய வென்ச்சர் நிறுவனம் 2021-லேயே பத்தாண்டு முறை போதாது என்று சொல்லி நிரந்தர ஃபண்ட் அமைப்புக்கு மாறியது. அதிலிருந்து 2023-ல் பிரிந்த இந்தியக் கிளை பீக் எக்ஸ்வி, 2024-ல் தன் 285 கோடி டாலர் ஃபண்டில் 46.5 கோடியைத் தானாகவே குறைத்துக்கொண்டது. இவ்வளவு பணத்தை உருப்படியாகப் போட இடமில்லை என்று ஒரு பெரிய ஃபண்ட் ஒப்புக்கொண்டதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தியாவில் இந்தத் துறைக்கு மூச்சு கொடுத்தது பங்குச் சந்தை. 2021-ல் ஜொமாட்டோ, பேடிஎம், 2024-ல் ஸ்விக்கி என்று வரிசையாகப் பட்டியலிட்டார்கள். ஃபண்டுகளுக்குக் காசு கைக்கு வந்தது. ஆனால் எதிர்ப்பக்கம் வாங்குவது யார்? மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி போடும் நர்ஸ், டீச்சர், கல்ஃபில் இருந்து பணம் அனுப்பும் நம் வீட்டு ஆட்கள். பேடிஎம் 2,150 ரூபாய்க்கு வெளியிட்ட பங்கு முதல் நாளே 27 சதவீதம் சரிந்தது. வென்ச்சர் ஃபண்ட் வெளியேறுவதற்காகச் சிறு முதலீட்டாளர் விலை கொடுக்கும் முறை நீண்ட நாள் ஓடாது, ஓடவும் கூடாது. லாபம் வந்த பிறகு பட்டியலிடும் கம்பெனிகள் கூடினால்தான் இந்தத் துறை நிற்கும்.

வென்ச்சர் பணம் தேவையே இல்லை என்று சொல்ல வரவில்லை. வங்கி மேனேஜர் அடமானம் கேட்பார். அடமானம் வைக்கக் கட்டடமும் இல்லாமல், காட்டுவதற்கு விற்பனையும் இல்லாமல், லேபில் ஒரு கண்டுபிடிப்பை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு வங்கி எதையும் தர முடியாது. சாக்கடைக் குழிக்குள் மனிதர் இறங்குவதைத் தவிர்க்க 'பேண்டிகூட்' ரோபோவைச் செய்த திருவனந்தபுரம் ஜென்ரோபாட்டிக்ஸ் போன்றவர்களுக்கு இந்தப் பணம்தான் கைகொடுத்தது. நாளை கஞ்சிக்கோடு ஐஐடி வளாகத்திலிருந்து ஒரு சென்சாரோ பேட்டரியோ வெளியே வந்தால் அதற்கும் இதுதான் வழி. அரசும் இதைத்தான் தள்ளுகிறது. 2016-ல் சிட்பி வழியாக 10,000 கோடி ஃபண்ட் ஆஃப் ஃபண்ட்ஸ் (மற்ற ஃபண்டுகளில் பணம் போடும் நிதி), 2025 பட்ஜெட்டில் இன்னொரு 10,000 கோடி, 2025 ஜூலையில் ஆராய்ச்சிக்காக 1 லட்சம் கோடித் திட்டம். 1988-ல் அரசுப் பணத்தில் தொடங்கியது, சுற்றி வந்து மறுபடியும் உள்நாட்டுப் பணத்தில் ஊன்றப் பார்க்கிறது. இனி நிலைக்கப் போவது இந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

'ஐடி ஃபிரெஷ் உணவுக் கம்பெனிதானே, அவர்கள் வாங்கவில்லையா?' என்று கேட்பீர்கள். வாங்கினார்கள். வயநாட்டுக்காரர் முஸ்தஃபாவும் உறவினர்களும் 2005-ல் பெங்களூரில் தோசை மாவு விற்கத் தொடங்கினார்கள். வென்ச்சர் பணம் வந்தது 2014-ல். அதற்குள் ஒரு நகரத்தில் தினமும் கடை கடையாகப் போட்டு, விற்காததைத் திரும்ப எடுத்து, இந்த முறை ஓடும் என்று காட்டிவிட்டார்கள். அதே முறையை அடுத்த நகரத்தில் நடத்த ஆலையும் வண்டியும் வேண்டும். அங்கே பெரிய பணம் நேராக வளர்ச்சியாக மாறும்.

உங்களுக்கு இன்று 4 கோடி எதற்கு என்று அனுப்பிய தாளில் எழுதியிருக்கிறீர்கள். பாதிக்கு மேல் சீசனில் காய் வாங்கிப் போட. மீதியில் ஒரு பகுதி பேக்கரிக் கம்பெனிகளுக்கும் சூப்பர்மார்க்கெட்டுக்கும் கடனாகக் கொடுத்த சரக்கு பணமாகும் வரை தாக்குப்பிடிக்க. புது டிரையருக்கு என்று இருப்பது கொஞ்சம்தான். மூன்று மாதத்தில் காசாகிவிடும் தேங்காயை வாங்குவதற்காக, என்றைக்கும் திரும்பி வராத 20 சதவீத உரிமையை விற்கப் பார்க்கிறீர்கள். இதைவிட விலை கூடிய பணம் கிடையாது. இது வங்கி சிசி லிமிட்டில், அதாவது வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கேஷ் கிரெடிட் கடனில், தீர வேண்டிய விஷயம். சிறுதொழில் கடனுக்கு வங்கியிடம் பொறுப்பேற்கும் சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத்தின் வரம்பு 2025 ஏப்ரல் முதல் 10 கோடி, சொத்து அடமானம் இல்லாமலே கேட்கலாம். உலர்த்தல், குளிர்பதனம் போன்றவற்றுக்கு வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம் உண்டா என்று மேனேஜரிடம் கேளுங்கள். பெரிய வாங்குபவர்களின் பில்லை, பில்லுக்கு முன்கூட்டியே பணம் கிடைக்கும் டிரெட்ஸ் என்ற ஆன்லைன் தளத்தில் தள்ளுபடி செய்து காசாக்கலாம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தராவிட்டால் அந்தச் செலவை அந்த வருஷக் கணக்கில் கழிக்க முடியாது என்று 2024 ஏப்ரலில் வருமான வரியிலும் கொண்டுவந்துவிட்டார்கள். பாக்கி வசூலிக்க இதைச் சொல்லத் தயங்காதீர்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஊரில் பத்துப் பேரிடம் வட்டி சொல்லிப் பணம் வாங்கிக் கம்பெனியில் போடுவது. 2019-ல் வந்த ஒழுங்குமுறையற்ற டெபாசிட் தடைச் சட்டத்தின் வளையத்துக்குள் மாட்டிக்கொள்வீர்கள்.

உங்கள் சொந்தப் பெயரில் தேங்காய்ப் பால் பாக்கெட் கோவை, பெங்களூரு என்று இரண்டு நகரங்களிலாவது ஓடி, ஒருமுறை வாங்கியவர் மறுபடி வாங்குகிறார் என்பதைக் கணக்கில் காட்ட முடிகிற அன்று, இதே ஃபண்டிடம் நீங்களே போகலாம். அப்போது விலையும் உங்கள் பக்கம் பேசும்.

இவ்வளவுக்கும் மேல் இப்போதே வாங்குவதென்றால், தொகையைவிட ஷரத்தைப் படியுங்கள். அவர்கள் எடுப்பது சாதாரணப் பங்கு அல்ல, கட்டாயம் மாற்றத்தக்க முன்னுரிமைப் பங்கு, அதாவது பின்னால் சாதாரணப் பங்காக மாறியே தீர வேண்டிய பங்கு. விற்கும்போது போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அதில் இருக்கும். கம்பெனி 10 கோடிக்குத்தான் விலை போகிறது என்று வையுங்கள். சாதாரண ஷரத்தில் அவர்கள் 4 கோடியை எடுப்பார்கள், உங்கள் குடும்பத்துக்கு 6 கோடி. 'பங்கேற்பு' உரிமையும் சேர்த்து எழுதியிருந்தால் 4 கோடியை எடுத்துவிட்டு, மிச்சம் 6 கோடியிலும் 20 சதவீதம் எடுப்பார்கள். மொத்தம் 5.2 கோடி அவர்களுக்கு, 4.8 கோடி உங்களுக்கு. 20 சதவீதக்காரர் பாதிக்கு மேல் கொண்டுபோவார். அந்த ஒரு வார்த்தையை எடுக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் எடுப்பார்கள். அடுத்தது வெளியேறும் ஷரத்து. 5 ஆண்டில் அவர்கள் பங்கை விற்க நீங்கள் வழி செய்ய வேண்டும், முடியாவிட்டால் கம்பெனியே திருப்பி வாங்க வேண்டும், அதுவும் முடியாவிட்டால் உங்கள் பங்கையும் சேர்த்து மூன்றாமவருக்கு விற்கலாம் என்று படிப்படியாகப் போகும். கம்பெனிச் சட்டப்படி திருப்பி வாங்குவதற்கு, செலுத்திய மூலதனமும் உபரி நிதியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம்தான் உச்ச வரம்பு. ஆகவே நடைமுறையில் அந்த ஷரத்து கடைசிப் படியில்தான் போய் நிற்கும். அப்பா காலத்து ஆலை நிலம் கம்பெனி பெயரில் இருந்தால், பேச்சுக்கு முன்பே அதைத் தனியாக வைத்துக் குத்தகைக்குக் கொடுப்பது பற்றி ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோயமுத்தூருக்கு மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. ஃபண்டுக்கு வேண்டியது பிரைவேட் லிமிட்டெட் கம்பெனி, அவ்வளவுதான். அது எர்ணாகுளம் கம்பெனிப் பதிவாளரிடம் இருந்தாலும் கோயமுத்தூர் பதிவாளரிடம் இருந்தாலும் சட்டம் ஒன்றே. பதிவு இடம் மாநிலத் திட்டங்களுக்குத்தான் முக்கியம். கேரள ஸ்டார்ட்அப் மிஷன் உதவிகளுக்குக் கேரளப் பதிவும், தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் உதவியான டான்சீட் போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டுப் பதிவும் கேட்பார்கள். பொள்ளாச்சியில் கிடங்கு வைத்தால் அங்கே தனி ஜிஎஸ்டி பதிவு எடுத்தால் போதும். பதிவு அலுவலகத்தை மாநிலம் விட்டு மாநிலம் மாற்ற சிறப்புத் தீர்மானம், பத்திரிகை விளம்பரம், கடன் கொடுத்தவர்களின் ஆட்சேபம் கேட்பது, மண்டல இயக்குநர் ஒப்புதல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். அதைப் பணம் தருவதற்கு முன்நிபந்தனையாக டேர்ம் ஷீட்டில் (ஒப்பந்தத்துக்கு முந்தைய நிபந்தனைத் தாளில்) போட்டிருந்தால், அந்த வரியை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள்.